நான் எழுதிய ஏழாவது விதி

வாணியம்பாடியில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். வடகம் காயவைக்கப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். முப்பத்தைந்து வயது வரை அங்கே போக வேண்டிய அவசியம் வரவில்லை. போக வேண்டி வந்தபோது, கப்பலேறப் போகிறவளுக்குச் சொல்வதுபோல் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பக்கத்து வீட்டு பாத்திமா தன் வீட்டுக்காரரின் கம்பளி மஃப்ளரைக் கொடுத்தாள். மலைத்தண்ணீர் குடித்தால் காய்ச்சல் வரும் என்றாள் என் தங்கை. அவளும் மலைக்குப் போனதில்லை.

எழுபதுகளின் கடைசி அது. சிறிய சேவைச் சங்கம் ஒன்று நடத்திய பதினொரு பால்வாடிகளுக்கு நான் பொறுப்பாளராகி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் எட்டு வருஷம், தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பால்வாடியில் டீச்சராக இருந்தேன். மூக்கைத் துடைத்து, பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்து, தூங்கவைத்துக்கொண்டிருந்தவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இனி எல்லோருக்கும் நீதான் மேலே என்றார்கள். மறுநாளிலிருந்து கூட வேலை செய்த டீச்சர்கள் நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். கீழே இருப்பவர்களிடம் யோசனை கேட்க முடியவில்லை. மேலே இருந்தவர் வேலூரில் இருந்தார். ஒரு சிக்கல் என்று எழுதினால், ‘உங்கள் உசிதம்போல் செய்யவும்’ என்று கார்டு வரும். உசிதம் எது என்று தெரிந்திருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்?

மலைமேல் அத்திமரத்தூர் என்ற சின்ன ஊரிலும் எங்கள் பால்வாடி ஒன்று இருந்தது. விஜயா என்ற இருபது வயதுப் பெண், திருப்பத்தூர்க்காரி, அங்கே டீச்சர். அவள் மூன்று வயதுப் பையன் ஒருவனின் தலைமுடியை வெட்டிவிட்டாள். அது சாமிக்கு நேர்ந்து வளர்த்த முடி. அன்றோடு சரி, இருபது நாளாக ஒரு பிள்ளையும் பால்வாடிக்கு வரவில்லை. மாதக் கடைசிக்குள் பிள்ளைகள் வராவிட்டால் அதை மூடிவிட்டு ஒடுகத்தூர்ப் பக்கம் கொண்டுபோய்விடுவது என்றும், எப்படியானாலும் விஜயாவை வேலையிலிருந்து நிறுத்துவது என்றும் சங்கத்தில் முடிவானது. நிறுத்தும் உத்தரவு டைப் செய்யப்பட்டு என் கைப்பையில் இருந்தது. கையெழுத்துப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு வரவேண்டியது என் வேலை.

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். பஸ் பாதி மலை ஏறியதும் பெருமூச்சு விட்டு நின்றது. முன்பக்கத்திலிருந்து ஆவி வந்தது. கண்டக்டர் அதிர்ச்சியடையவில்லை. “எல்லாம் எறங்குங்க. வண்டிக்குத் தண்ணி காட்டணும்” என்றார், மாட்டைச் சொல்வதுபோல். தண்ணீர் கொண்டுவரப் போனவர் ஒரு மணி நேரம் கழித்து வெறுங்குடத்தோடு வந்தார். ஓடை வற்றிவிட்டதாம். எங்கள் ஊரில் என்றால் இதற்குள் நாலு பேர் கண்டக்டரின் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் பாறை மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு உட்கார்ந்தாள். முப்பது வயது இருக்கும். அவள் பைக்குள்ளிருந்து பெரிய இரும்புக் கொக்கி ஒன்று எட்டிப் பார்த்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு வெளியே எடுத்துக் காட்டினாள். பிள்ளைகளை நிறுக்கும் தொங்கு தராசு. முள் நின்றுவிட்டதால் கீழே கொண்டுபோய்ப் பழுது பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். பெயர் மல்லிகா. மலையிலேயே பிறந்தவள், எட்டாவது வரை படித்தவள், காவலூருக்கு அடுத்த ஊரில் வேறொரு சங்கத்தின் பால்வாடியை நடத்துகிறாள். நானும் பால்வாடிதான், அத்திமரத்தூருக்குப் போகிறேன் என்றேன். பொறுப்பாளர் என்பதை ஏனோ சொல்லவில்லை.

புளி ஏற்றப்போகும் காலி லாரி ஒன்று வந்தது. பெண்களையெல்லாம் முன்னால் ஏற்றிக்கொண்டார் டிரைவர். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஏழு பேர், அது போக ஒரு கோழி. டிரைவர் பாய் என் பேச்சைக் கேட்டதும் திரும்பினார். “நம்ம வாணியம்பாடியா நீங்க? தோல் வாசன இல்லாம எப்படிங்க ரெண்டு நாள் இருக்கப்போறீங்க? எனக்கு மலையில படுத்தா தூக்கமே வர்றதில்ல” என்றார். சாலையைப் பார்த்து ஓட்டச் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

காவலூரில் டீ குடித்தோம். மரங்களுக்கு மேலே வெள்ளையாக ஒரு கூண்டு தெரிந்தது. தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்க்கிற இடம். மல்லிகாவின் கணவர் அங்கே தோட்டவேலை பார்க்கிறார். “ராவெல்லாம் முழிச்சிக்கினு இருப்பாங்க, பகல்ல தூங்குவாங்க. நம்ம பால்வாடிப் புள்ளைங்க மாதிரிதான்” என்றாள் மல்லிகா. அத்திமரத்தூருக்கு இனிமேல் நடக்க முடியாது, இருட்டிவிடும், தன் வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் போகலாம் என்று அவளே என் பையைத் தூக்கிக்கொண்டாள்.

அவள் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைப் புளிக்குழம்பும். சாமை பழகாதவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். மென்று விழுங்குவதற்குள் நாக்கிலிருந்து நழுவி ஓடிவிடுகிறது. ஆனால் குழம்பு அருமை. மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிட்ட பிறகு, தின்ற சோற்றுக்காவது உண்மையைச் சொல்வோம் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். உத்தரவையும் எடுத்துக் காட்டினேன். விளக்கருகே வைத்து நிதானமாகப் படித்தாள்.

“முடிய வெட்டச் சொன்னது யாருங்கக்கா?”

“யாரும் தனியா சொல்லல. விதியில இருக்கு.”

“விதிய எழுதுனது?”

எழுதியது நான். பொறுப்பேற்ற முதல் மாதம், பதினொரு பால்வாடிகளுக்கும் பொதுவாக இருபது விதிகள் எழுதி, ஸ்டென்சில் வெட்டி, பிரதி எடுத்து அனுப்பினேன். எழுதும்போது பெருமையாக இருந்தது. ஏழாவது விதி: பேன் பிடித்த பிள்ளைகளின் முடியைக் குட்டையாக வெட்டவும், வெட்டிய முடியை உடனே எரித்துவிடவும். வாணியம்பாடியில் எந்தத் தாயும் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சிலர் நன்றிகூடச் சொன்னார்கள்.

“எரிக்கவும் சொல்லிட்டீங்களா?” என்றாள் மல்லிகா. உத்தரவை மடித்து என்னிடம் கொடுத்தாள். “வெட்டுன முடி இருந்தாலாவது கொண்டும்போய் சாமிகிட்ட வெச்சிருப்பாங்க.”

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். ஆறு மாதமாக யாரிடமாவது கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்வி. அவள் தராசைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். பிறகு வேறு கதை சொன்னாள். இந்தத் தராசு முதன்முதலில் வந்தபோது மரத்தில் கட்டி, துணித் தொட்டிலில் பிள்ளைகளைப் போட்டு நிறுத்தாளாம். ஆட்டுக்குட்டியை விற்பதற்கு முன்தான் இங்கே நிறுப்பார்கள். பிள்ளைகளை எங்கேயோ விற்கப்போகிறாள் என்று ஊரே கிளம்பி வந்துவிட்டது. சொந்த ஊர்க்காரியே செய்த தப்பு இது.

“அப்புறம்?”

“நானே தொட்டில்ல ஏறிக் குந்திக்கினேன், மொதல்ல என்ன நிறுத்துக்கோங்கன்னு. கயிறு அறுந்து வுழுந்தேன். சிரிச்சாங்க. சிரிச்ச பெறவு புள்ளைங்கள வுட்டாங்க.” தராசைப் பைக்குள் வைத்தாள். “அந்தப் பையனோட அம்மாகிட்ட நாளைக்கு இன்னா சொல்லப்போறீங்க?”

சுகாதாரம் பற்றி எளிமையாக விளக்கலாம் என்று நினைப்பதாகச் சொன்னேன். மல்லிகா சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியது மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை அவளுக்குப் பால்வாடி உண்டு. நான் தனியாக நடந்தேன். வழியில் கேட்ட மூன்று பேரும் “தோ, அந்தத் திருப்பந்தான்” என்றார்கள். மலைக்காரர்கள் பொய் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். தூரத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. இரண்டு மணி நேரமும் ஒரு செருப்பு வாரும் போயின.

அத்திமரத்தூர் பால்வாடி கதவு திறந்திருந்தது. வாசல் பெருக்கிக் கோலம் போட்டிருந்தது. உள்ளே பதினெட்டுத் தடுக்குகள் வரிசையாக விரித்திருந்தன. ஒவ்வொரு தடுக்கின் தலைமாட்டிலும் ஒரு தம்ளர். பிள்ளைகள் இல்லை. விஜயா அடுப்பில் கோதுமை ரவை கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியோடு எழுந்து நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

இருபது நாளும் ஒன்பது மணிக்கு மணியடித்து, கொஞ்சமாகச் சமைத்து, நாலு மணி வரை காத்திருந்து பூட்டியிருக்கிறாள். “ஒரு புள்ள வந்துட்டா சாப்பாடு இல்லன்னு சொல்லக் கூடாதுங்களே டீச்சர்” என்றாள். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். என் இருபது விதிகள். மடிப்பில் கிழிந்து, பின்னால் காகிதம் ஒட்டப்பட்டிருந்தது.

“ஏழாவதுல அப்படித்தான் போட்டிருக்குதுங்க. தெனமும் படிச்சுப் பாக்குறேன். நான் ஏதாச்சும் தப்பாப் படிச்சிட்டேனா டீச்சர்?”

வெட்கமாக இருந்தது. அவள் சரியாகத்தான் படித்தாள் என்று சொன்னேன். கைப்பையிலிருந்த உத்தரவை எடுத்துக் கிழித்தேன். என்ன அது என்று கேட்டாள். வேண்டாத காகிதம் என்றேன். வாங்கி அடுப்பில் போட்டாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவளிடம் ஒருபோதும் பேசியதில்லை.

பையனின் பெயர் சென்றாயன். தாய் பொட்டம்மா. வீட்டு வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. நான் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கொட்டை தெறித்து ஓடியது. பையன் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தான். தலை கன்னாபின்னாவென்று வெட்டப்பட்டு, அங்கங்கே அரை விரல்கடை வளர்ந்திருந்தது.

இத்தனை நடந்த பிறகும் எனக்கு வாயில் வந்தது சுகாதாரம்தான். பேன் எப்படிப் பரவுகிறது என்று ஆரம்பித்தேன்.

“ஒனக்குப் பேனே இருந்ததில்லையா?” என்றாள் பொட்டம்மா, நிமிராமல்.

“இருந்திருக்கு.”

“ஒங்கம்மா கொளுத்துனாளா?”

 அவள் புளி தட்டிக்கொண்டே சொன்னாள். பிறந்த ஆறாம் மாதம் பையனுக்கு வலிப்பு வந்தது. மூச்சு நின்றுவிட்டது. காளியம்மாவுக்கு முடி தருவதாக நேர்ந்துகொண்டாள். மூச்சு வந்தது. “மூணு வருசமா பேன் பாத்துப் பாத்து வளத்தேன். சித்திரைக்கு ஒரு மாசந்தான் பாக்கி. சாமி வந்து முடி எங்கடின்னா நான் இன்னா சொல்றது? டீச்சர் கொளுத்திட்டாங்கன்னு சொல்றதா? இவன் தூங்குனா நான் தூங்கறதில்ல. மூக்குல கைய வெச்சுப் பாத்துக்கினே இருக்கேன்.”

அவள் கோபமாக இருக்கிறாள் என்றுதான் சங்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். பயந்திருக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் அதுவரை தோன்றவில்லை.

“அந்த டீச்சர் மேல தப்பு இல்ல” என்றேன். “வெட்டச் சொன்னது நான். கொளுத்தச் சொன்னதும் நான்.”

கை நின்றது. “எங்க ஊரப் பாத்துட்டா சொன்ன?”

“பாக்காம சொன்னேன்.”

அதற்குள் ஊர்க் கவுண்டர் வந்துவிட்டார். ஊரில் வழக்குத் தீர்ப்பவர். வெளியூர்க்காரி வந்தால் மோப்பம் பிடிக்காமல் இருப்பாரா? விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துண்டை உதறி உட்கார்ந்தார். பெரிய டீச்சரே வந்து தப்பை ஒத்துக்கொண்டதால், ஒரு சேவல் கொடுத்தால் காளியம்மா பொறுத்துக்கொள்வாள் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. சேவல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்கப் போனேன்.

“நான் சேவலா நேர்ந்துக்கினேன்?” என்றாள் பொட்டம்மா.

கவுண்டர் என்னைப் பார்த்தார்.  என் பின்னல் இடுப்புக்குக் கீழே ஒரு சாண் தொங்கும். என்னிடம் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். ஊரில் பெண்கள் அதற்காகவே என்னை அடையாளம் சொல்வார்கள். “என் முடியத் தர்றேன்” என்றேன். முன்கூட்டி யோசித்ததில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

கவுண்டர் நெடுநேரம் தாடையைத் தடவினார். “சாமிக்குச் சொன்னது முடி. யாரு தலையில மொளச்சதுன்னு சாமி கேக்காது” என்றார் கடைசியாக.

பொட்டம்மா எழுந்து என் பின்னால் வந்து பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்தாள். “நாளைக்குக் காலையில தலைக்கு ஊத்திக்கினு கோயிலுக்கு வா” என்றாள்.

அன்று விஜயா எனக்குக் களியும் பூண்டுத் துவையலும் செய்து போட்டாள். தானும் முடி கொடுப்பதாக அழுதாள். அவளைப் பெண் பார்க்க வரப்போகும் மாப்பிள்ளை வீட்டாரை நினைவூட்டி அடக்கினேன். இதை வேலூருக்கு எப்படித் தெரிவிப்பது என்ற கவலை எனக்கு. உசிதம்போல் செய்துவிட்டேன் என்று எழுதினால் போதும் என்று முடிவு செய்து படுத்தேன். மூடநம்பிக்கைக்கு இடம் கொடுத்துவிட்டேனா என்ற கேள்வியும் வந்தது. அந்தப் பெண் மூக்கில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பு அதைவிடப் பெரிதாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் என்றால் கோபுரம் எதுவும் இல்லை. மரத்தடியில் மஞ்சள் பூசிய கல், பக்கத்தில் நாலு சூலம். ஈரத்தலையோடு போனேன். குளிர் பிடுங்கியது. பாத்திமாவின் மஃப்ளரைக் கழுத்தில் சுற்றியிருந்தேன். மொட்டைத் தலைமேல் அதைக் கட்டப்போகிறேன் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

பொட்டம்மாவின் தம்பி கத்தியைத் தீட்டிக்கொண்டு தயாராக இருந்தான். பிள்ளைக்குத் தாய்மாமன் அவன். ஆனால் ஆரம்பிக்கவில்லை. அக்காவைப் பார்த்தான், கவுண்டரைப் பார்த்தான். “மடி வேணுமே” என்றான். சாமிக்கு முடி கொடுக்கிறவர்கள் யாராவது சொந்தக்காரர் மடியில்தான் உட்கார வேண்டும். தரையில் உட்கார்ந்து மழித்தால் அது சாவு வீட்டுக் காரியம். பிள்ளையை மாமன் மடியில் உட்காரவைப்பார்கள். எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? விஜயா முன்னால் வந்தாள். கூடாது என்றார் கவுண்டர். முடியை எரித்த கை அவளுடையது. பொட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாணியம்பாடியிலிருந்து தங்கையைக் கூட்டிவர ஒரு நாள் ஆகும். கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு பால்வாடிக்குப் பொறுப்பாளர், உட்கார ஒரு மடி இல்லை.

பாதையில் மல்லிகா வந்தாள். குழந்தை இடுப்பில், வேர்த்துக் கொட்டியது. இரண்டு மணி நேர நடை அது, எனக்குத் தெரியும். “ஞாயித்துக்கெழம தானே, இன்னா ஆச்சுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள், அடுத்த தெருவிலிருந்து வந்தவள்போல். நிலைமையைக் கேட்டாள். குழந்தையை விஜயாவிடம் கொடுத்துவிட்டு, பாறைமேல் உட்கார்ந்து புடவையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“இது எங்கக்கா. குந்துங்க” என்றாள்.

கவுண்டர் தலையசைத்தார். உட்கார்ந்தேன். அவளைவிட நான் கனம் அதிகம், அவளுக்கு வலித்திருக்கும். பின்னாலிருந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். முதல் கற்றை மடியில் விழுந்தபோது அழுதுவிட்டேன். யாரும் தேற்றவில்லை. “ஆடாதீங்க, காது போய்டும்” என்றாள் மல்லிகா. அவள் கை தோளிலிருந்து கடைசி வரை எடுபடவில்லை. ஆறு மாதத்தில் அழுவதற்கு எனக்கு வாய்த்த முதல் இடம் அது. நன்றாகவே அழுதேன்.

முடியையெல்லாம் முறத்தில் அள்ளி, பொட்டம்மா கொண்டுபோய்க் கல்லின் முன்னால் வைத்தாள். சென்றாயனை விழுந்து கும்பிட வைத்தாள். எழுந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது. மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து என் தலையைப் பார்த்துச் சிரித்தன. விஜயா உதட்டை அசைத்து அவர்களை எண்ணினாள். பதினேழு, சென்றாயனோடு பதினெட்டு.

பொட்டம்மா பையனைக் கையில் பிடித்துக்கொண்டு விஜயாவின் முன்னால் வந்து நின்றாள். “நாளைக்கு எத்தினி மணிக்கு?” என்றாள்.

“ஒம்போது” என்றாள் விஜயா.  இன்னொரு முறை சொன்னாள்.

பிறகு பொட்டம்மா என்னிடம் வந்தாள். மழித்த தலையில் மஞ்சளை அரைத்துத் தடவினாள். கை முரட்டுக் கை. புளி வாசனை அடித்தது. “மாசம் ஒருக்கா வந்துடணும் நீ. ஒன் தலையும் இவன் தலையும் ஒண்ணா வளருதான்னு நான் பாக்கணும்” என்றாள். அதுவரை மற்றவர்கள் வேலையை நான்தான் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து காட்டிவிட்டுப் போ என்று என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. வருகிறேன் என்றேன்.

“வளந்து, பேன் புடிச்சா இன்னா பண்றது?” என்று கேட்டேன்.

“புடிச்சா இன்னா? இவனுக்குப் பாக்குறப்ப ஒனக்கும் பாத்துவுடறேன்” என்றாள்.